மஹராகக் கொடுத்த கேசட்

ஹாலித் தன் நிக்காஹில் பெண்ணுக்கு மஹராகக் கொடுத்தது ஒரு வீடியோ கேம் கேசட். சிரிக்காதீர்கள். அன்றைக்குச் சபையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பெண்ணுக்கு மனசார ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும், கொடுத்தது அவளுக்கே சொந்தம், மஹர் என்றால் அவ்வளவுதான். சிலர் பணமாகக் கொடுப்பார்கள், சிலர் நகையாகக் கொடுப்பார்கள். ஹாலித் 'பேப்பர் லைட்ஹவுஸ்' கொடுத்தான்.

ஜப்பான்காரன் ஒரு காலத்தில் ரொம்பக் கொஞ்சமாகத் தயாரித்து, யாரும் வாங்கவில்லை என்று நிறுத்திவிட்ட விளையாட்டு அது. யாரும் வாங்காத காரணத்தாலேயே பின்னால் எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள். இந்த உலகத்தின் நியாயம் அப்படி. ஷார்ஜாவில் செல்போன் கடையில் வேலை பார்த்த நாளில், மூடப்போகிற ஒரு பொம்மைக் கடையின் கடைசி அலமாரியில் தூசிக்குள் கிடந்ததை ஹாலித் பார்த்தான். சீல் பிரிக்காத பெட்டி. எடுத்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, கூடவே வேண்டாத ஒரு கரடி பொம்மையையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

ஆலியாவின் அத்தா நிஜாமுதீன் பெரிய கடை வீதியில் நகைக்கடை வைத்திருப்பவர். எதைக் கண்டாலும் கல்லில் உரசிப் பார்க்கத் தோன்றும் மனிதர். மஹர் பேச்சு வந்தபோது ஹாலித் செல்போனில் வெளிநாட்டு ஏலம் ஒன்றைக் காட்டினான். அதே கேசட், அதே சீல், போன விலை கீழே போட்டிருந்தது. நிஜாமுதீன் அதை மனசுக்குள் பவுனாக மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை மாற்றிப் பார்த்தார். "மாஷா அல்லா" என்றார். அதற்குப் பிறகு அந்த வீதியில் அவர் மருமகன் பெருமையைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை. "தங்கம் யாரு வேணாலும் குடுப்பான் பாய். தோண்டத் தோண்ட வந்துக்கிட்டே இருக்கு. என் மருமகன் குடுத்தது இனிமே உலகத்துல வராத சரக்கு!"

இனிமே வராத சரக்கு. இந்த மூணு வார்த்தையில்தான் ஹாலித்தின் மானம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது.

பெட்டி ஆலியாவின் பீரோவில், நகைகளுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியில் சுற்றி இருந்தது. சட்டதிட்டம் போட்டவன் ஹாலித். ஈரக்காற்று படக்கூடாது, விரல் படக்கூடாது, வெளிச்சம் படக்கூடாது. துணியைப் பிரிக்கவே கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டு எழுந்ததும் அவனுக்கு ஒரு பார்வை பார்த்தாக வேண்டும். "ஆலியா, நம்ம பொட்டிய ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்." அவள் பீரோவைத் திறப்பாள். துணி மூட்டையை அவன் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற அப்பன் மாதிரி இருக்கும். பிறகு போய்ப் படுத்துவிடுவான்.

ஆலியா பார்மசி படித்தவள். தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு, அதே தெருவில் சொந்தமாக மெடிக்கல் ஷாப் திறந்தாள். "அட்வான்ஸுக்கெல்லாம் என்ன பண்ணின?" என்று ஹாலித் கேட்டான். "பாத்துக்கிட்டேங்க" என்றாள். சரி, அவங்க அத்தா கொடுத்திருக்கிறார் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். அதற்கு மேல் துருவினால் மரியாதையாக இருக்காது. அன்றிலிருந்து மாமனார் என்ன புத்தி சொன்னாலும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டான். மாமனாரும் என்னவோ அந்தச் சமயம் பார்த்துத்தான் தன்மையாகிவிட்டார். விருந்தென்றால் நல்ல கறியாகப் பொறுக்கி மருமகன் தட்டில் வைப்பார். வயசானால் மனுஷனுக்குப் பாசம் கூடும் என்று ஹாலித் நினைத்துக்கொண்டான்.

போன மாசம் ஜப்பானிலிருந்து அறிவிப்பு வந்தது. 'பேப்பர் லைட்ஹவுஸ்' மறுபடியும் வருகிறது. அதே கேசட், அதே பெட்டி, அதே படம். எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேருக்கும் கிடைக்கும். விலை, குடும்பத்தோடு ஒருநாள் ஓட்டலுக்குப் போய்விட்டு வருகிற செலவு.

பழைய கேசட் சேர்க்கிறவர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குரூப் இருந்தது. அன்று அது எழவு வீடாகிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தன் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்பாக வைத்தார். சேலத்துக்காரர், "ஒரிஜினல் என்றைக்கும் ஒரிஜினல்தான், யாரும் பதற வேண்டாம்" என்று நீளமாக எழுதிவிட்டு, கையோடு தன் சரக்கையெல்லாம் விற்பனைக்குப் போட்டார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும், "அப்ப இனிமே எல்லாரும் விளையாடலாமா? சூப்பர்!" என்று எழுதினார். அவரைக் குரூப்பிலிருந்து நீக்கினார்கள்.

ஹாலித்துக்குச் சோறு இறங்கவில்லை. காசு போனதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை, சத்தியமாக இல்லை. சபையில் நாலு பேர் அறிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பொருள், இப்போது கடையில் தொங்கும் பொருளாகிவிட்டதே! ஆலியாவிடம் எப்படிச் சொல்வது? சொல்வதற்குள் மாமனாருக்குத் தெரிந்துவிட்டால்? பெரிய கடை வீதியில் இத்தனை வருஷம் பறந்த கொடி அரைக்கம்பத்துக்கு இறங்குமே!

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், இதற்குப் பதிலாக வேறு மஹர் கொடுக்கலாமா என்று கேட்டான்.

"குடுத்துட்டல்ல?" என்றார் ஹஜ்ரத்.

"குடுத்துட்டேன் ஹஜ்ரத். ஆனா விலை இறங்கிப்போச்சு."

"விலை ஏறினப்ப வந்து பங்கு கேட்டியா?"

"இல்ல ஹஜ்ரத்."

"இறங்கினப்ப மட்டும் ஏன் வர்ற? உன் பொருள் இல்லப்பா அது. பொஞ்சாதிக்கு வளையல் வாங்கணும்னா வாங்கிக் குடு. யாரு வேணாங்கறா?"

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சால் யாருக்கு ஆறுதல் கிடைத்திருக்கிறது? இந்தத் துக்கம் புரிகிற ஆள் ஊரில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஹாலித் ஸ்ரீரங்கம் போனான்.

ரெங்கராஜ் கிழக்கு உத்திர வீதியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன். ஹாலித்துக்கு நண்பன், எதிரி ரெண்டும் அவன்தான். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வார்கள், அத்தனை போட்டி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ரெங்கராஜுக்கும் எங்கிருந்தோ ஒரு 'பேப்பர் லைட்ஹவுஸ்' வந்துசேர்ந்தது. சீல் பிரிக்காதது. எங்கே வாங்கினான் என்று சொல்லவே இல்லை. அன்று ஹாலித் குடித்த காபி இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதுவரை மாநிலத்திலேயே ஹாலித் வீட்டில் மட்டும்தான் அது இருந்தது.

மாடியில் ரெங்கராஜின் கண்ணாடி பீரோ பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும். ரெண்டில் எதற்கு மடி அதிகம் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். பெட்டியை அவன் பீரோவுக்குள்ளேயே வைத்து, வந்தவரைத் தள்ளி நிற்க வைத்துத்தான் காட்டுவான். அந்த அறையில் காபி கிடையாது. இருமல் இருந்தால் உள்ளே வரக்கூடாது.

அன்று அந்த ஆசாரமெல்லாம் காற்றில் போயிருந்தது. ரெங்கராஜ் கட்டிலில் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க பாய். வருவீங்கன்னு தெரியும். உக்காருங்க."

"என்னங்க இப்படி ஆயிடுச்சு?" என்றான் ஹாலித்.

"கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லுவேன். ஒரிஜினல் பத்திரமா இருக்கட்டும், காப்பி எத்தனை வேணாலும் எடுத்துக்குங்க, ஒண்ணும் குறைஞ்சுடாதுன்னு. எத்தனை பேர் வயத்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டேனோ! பெருமாள் கணக்குத் தீத்துட்டார்." எழுந்து பீரோவைத் திறந்தான். முறுக்குக் கையோடு பெட்டியை எடுத்தான். ஹாலித் பதறி எழுந்தேவிட்டான். "அட உக்காருங்க பாய், இனிமே என்ன! பிடிங்க, நல்லா பாருங்க" என்று டம்ளர் கொடுக்கிற மாதிரி அவன் கையில் கொடுத்தான்.

ஹாலித் பெட்டியைத் திருப்பினான். பின்பக்கம், மூலையில், அரபி எழுத்துள்ள விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதன் ஒரு ஓரம் பிய்ந்திருந்தது. ஷார்ஜாவில் அறைக்கு வந்த அன்று நகத்தால் அதைப் பிய்க்க ஆரம்பித்து, ஐயையோ பெட்டி கிழிந்துவிடுமே என்று பாதியில் நிறுத்தியவன் அவனேதான். அவன் நகம் போன வழி அப்படியே இருந்தது.

"இது எங்க வாங்கினீங்க?"

ரெங்கராஜ் முறுக்கு மெல்வதை நிறுத்தினான். "சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் பாய்."

"யாருக்கு?"

"அதையும் சேத்துத்தான் சத்தியம்." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "ஆனா நீங்களா தெரிஞ்சுக்கிட்டா அது நான் சொன்னதாகாதுன்னு நினைக்கிறேன்."

ஹாலித் முகத்தில் ஈயாடவில்லை. ரெங்கராஜுக்கு அதைப் பார்த்து மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. "பேரம் மட்டும் அடடா! நான் இறக்க இறக்க அவங்க ஏத்திக்கிட்டே போனாங்க. நகைக்கடை வீட்டுப் பொண்ணுன்னா சும்மாவா" என்று ஆறுதல் சொன்னான்.

"உங்களுக்குத்தான் இதுல நஷ்டம். என் வீட்டுப் பொருளால…" என்று ஹாலித் இழுத்தான்.

"விடுங்க பாய். ரெண்டு வருஷமா குரூப்ல நீங்க உங்க பொட்டியப் பத்தி எழுதறப்பல்லாம், அது இந்த பீரோவுல இருக்குன்னு எனக்கு மட்டும் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் லைக் போட்டுட்டு நிம்மதியா தூங்கினேன். குடுத்த காசுக்கு அதுவே சரியாப் போச்சு."

திரும்பி வருகிற பஸ்ஸில் காவிரிப் பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று ஹாலித்துக்குத் தெரியாது. வீட்டில் யாரும் இல்லை. பீரோ சாவி எப்போதும் போலத் தலையணைக்கு அடியில் இருந்தது. வெள்ளைத் துணியை வெளியே எடுத்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பிரித்தான். உள்ளே சர்க்கரை பார்க்கிற மிஷின் பெட்டி ஒன்று இருந்தது. அளவு என்னவோ கச்சிதம். மிஷின்கூட இல்லை, வெறும் பெட்டி.

இத்தனை வெள்ளிக்கிழமை இதைத்தான் அவன் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு தடவை கண்கூடக் கலங்கியது. அதை இப்போது நினைத்தபோது காது மடல் சூடாகிவிட்டது. அப்புறம் வந்தது கோபம். பொல்லாத கோபம். கொடுத்த பொருளின் விலை இறங்கிவிட்டதே என்று இவன் இங்கே வெந்து செத்துக்கொண்டிருக்க, அவள் எப்போதோ அதைக் கழித்துக்கட்டியிருக்கிறாள். வேண்டாம் என்றுதானே விற்றாள்? தன்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதானா?

வெறும் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு தில்லை நகர் போனான். சாயங்கால நேரம், கடையில் கூட்டம். ஆலியா கவுன்டருக்குள் நின்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஹாலித் வரிசையில் நின்றான். நாகரிகமான மனுஷன், கோபத்திலும் வரிசை தாண்டத் தெரியாது. தன் முறை வந்ததும் பெட்டியை எடுத்து மேலே வைத்தான்.

ஆலியா பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ரெங்கராஜ் சொன்னாரா?"

"சொல்லல. நான் பாத்தேன்."

"இந்த இருமல் மருந்தை ராத்திரிக்கு மட்டும் குடுங்கம்மா" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள். "கடைக்கு அட்வான்ஸ் குடுக்கணும், சரக்கு எடுக்கணும். அதான் வித்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா ஆலியா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

யோசித்தான். பொய் சொல்ல வரவில்லை. "மாட்டேன்."

"அதான் கேக்கல." அவள் குரலை உயர்த்தவில்லை. "என்னங்க, அது எனக்குக் குடுத்ததுதானே? ஆனா நீங்க வாராவாரம் வந்து நின்னு, 'நம்ம பொட்டி', 'என் பொட்டி'ன்னுதான் பாத்துட்டுப் போனீங்க. குரூப்ல எழுதறதும் 'என் கலெக்‌ஷன்'தான். ஒரு தடவையாச்சும் 'உன் பொட்டி'ன்னு உங்க வாயில வந்துச்சா? நான் என்ன, உங்க சாமானுக்குக் காவலா? விக்கிறப்ப எனக்கு மட்டும் நோகலைன்னு நினைக்கிறீங்களா? சபையில நீங்க எனக்குக் குடுத்தது அது ஒண்ணுதானே! ஸ்ரீரங்கத்துலேருந்து பஸ்ல வர்றப்ப வழியெல்லாம் அழுதுகிட்டுத்தான் வந்தேன்."

கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பது என்று ஹாலித்துக்குத் தெரியவில்லை. "அதை மறுபடியும் அடிக்கிறாங்க, தெரியுமா? விலை அடியோட போயிடுச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா நான்…"

"தெரியும். ஒரு மாசமா நீங்க சோத்தை அளைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கறதும் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." அவள் கண் நிறைந்து வந்தது. துடைத்துக்கொண்டாள். "நீங்க குடுத்ததுல ஒண்ணும் குறையலைங்க. அதுக்குள்ளதான் இப்ப நின்னுக்கிட்டு இருக்கீங்க."

ஹாலித் சுற்றிப் பார்த்தான். ரேக்கு, மருந்து, ஃபிரிட்ஜ், மேலே சுற்றுகிற ஃபேன். ரெண்டு வருஷமாக வந்துபோகிற கடை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து நிஜாமுதீன் வந்தார்.

அவர் பிரஷர் மாத்திரை வாங்க வருவது வழக்கம். மருமகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டார். "கேள்விப்பட்டேன் மாப்பிள்ளை. அந்தக் கேசட்டு விஷயம். வீதியில ஒருத்தன் செல்லுல காட்டினான்."

கொடி இறங்கிவிட்டது என்று ஹாலித் நினைத்துக்கொண்டான்.

"அவன் சிரிச்சான். விட்டேனா நான்? போடா, கேசட்டு போனா மயிராச்சு, என் மருமகன் அதுக்கும் மேல என் பொண்ணுக்குக் கடையே வச்சுக் குடுத்திருக்கார்டா, தில்லை நகர்ல வந்து பாருடான்னேன். வாயடைச்சுப் போயிட்டான்!"

அப்போதுதான் ஹாலித்துக்கு எல்லாம் விளங்கியது. விருந்துகளில் தன் தட்டில் விழுந்த நல்ல கறிக்கெல்லாம் அர்த்தம் விளங்கியது. மாமா கொடுத்தார் என்று இவனும், மருமகன் கொடுத்தான் என்று அவரும், ஒருத்தருக்கொருத்தர் பணிந்து பணிந்து ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். ஆலியா தலையைத் தூக்காமல் அவள் அத்தாவின் மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவன் சும்மா இருந்தாலே போதும். போன மானம் வட்டியோடு திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

"மாமா, கடை நான் வச்சுக் குடுக்கல."

"பின்னே? நானும் குடுக்கலையே!"

"ஆலியா வச்சது. அந்தக் கேசட்டை வித்து."

நிஜாமுதீன் மகளைப் பார்த்தார். "எப்ப வித்த?"

"கடை போடறதுக்கு முன்னாடி அத்தா. நல்ல ரேட்டு இருந்தப்ப."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. கணக்கு முடிந்ததும் முகம் பளிச்சென்று ஆனது. "உச்சத்துல வித்திருக்கா! பாத்தீங்களா மாப்பிள்ளை, யாரு பொண்ணு! சரி, எப்படிச் சுத்தினாலும் அது உங்க பொருள்தானே? அப்ப கடையும் உங்களோடதுதான். நான் வீதியில சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

கத்தரிக்கோல் நின்றது. ஆலியா நிமிர்ந்து ஹாலித்தைப் பார்த்தாள்.

"இல்ல மாமா" என்றான் ஹாலித். "அது அவ பொருள். கடையும் அவளோடது. வீதியிலயும் அப்படியே சொல்லிடுங்க."

நிஜாமுதீனுக்கு இது பிடிபடவில்லை. ஒரு நல்ல கதையை எதற்கு இந்தப் பையன் கெடுக்கிறான் என்கிற மாதிரி பார்த்தார். பிறகு மாத்திரைக் கவரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும் போலக் கிளம்பினார்.

"அத்தா, காசு" என்றாள் ஆலியா.

அவர் திரும்பினார். "காசா? இத்தனை நாளா கேட்டதில்லையே?"

"இத்தனை நாளா மருமகன் கடைன்னுல்ல வந்து எடுத்துட்டுப் போனீங்க."

நிஜாமுதீன் மருமகனைப் பார்த்தார். ஹாலித் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் பர்ஸை எடுத்தார்.